தொட்டியின் அடிப்பக்கம்

நானுலி வளர்க்கும் பூக்களை நான் பார்த்ததில்லை.
எட்டாம் மாடியில் அவள், ஏழில் நான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பால்கனிக் கம்பிக்கு வெளியே, இரும்புச் சட்டத்தில்
அவள் நெருக்கி உட்காரவைத்த தொட்டிகளின்
அடிப்பக்கம்:
பெயின்ட் வாளி இரண்டு, தக்காளிக் கூழ் டின்கள்,
காது போன ஒரு சூப்புப் பானை.
ஆணியால் குத்திய ஓட்டைகள்.

மார்ச்சில் மண் வந்தது.
எங்கள் லிஃப்டில் ஏறப் பத்து தெத்ரி காசு போடவேண்டும்,
இறங்குவது இலவசம்.
மூட்டைக்கு ஒரு காசு என்று
பதினோரு முறை ஏறினாள்.
சுவருக்குள் கம்பிவடம் முனகுவதைப்
படுத்தபடி எண்ணினேன்.
லிலோ சந்தையில் இரவுக் காவல் எனக்கு,
திபிலீசி எழும் நேரம்தான் என் ராத்திரி.

என்ன விதை, என்றைக்குப் போட்டாள், தெரியாது.
தண்ணீர் தெரியும்.
காலை எட்டரைக்கு, டீ நிறத்தில்,
கொடியில் காயும் என் காவல் சட்டையின்
இடது தோளில்.
கரண்டியை எடுத்து,
சூடு வருவது நின்று வருஷக்கணக்கான அந்த வெந்நீர்க் குழாயில்
மூன்று தட்டு தட்டுவேன்.
மேலிருந்து பதிலுக்கு ஒரே ஒரு தட்டு.
மன்னியுங்கள் என்றா
போய்யா என்றா
ஏப்ரல் முழுக்க யோசித்தேன்.

பிறகு வேர்.
சூப்புப் பானையின் ஓட்டை வழியே
நூல்போல, வெள்ளையாக,
கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தது.
ஒரு பகல் வெயிலில் நுனி கருகி
அப்படியே நின்றுவிட்டது.

மே மாதம் அவள் நெருக்கம் களைந்தாள்.
நோஞ்சான்களைப் பிடுங்கித்
தெருவுக்கு என்று நினைத்து வீசினாள்.
காற்று என் பக்கம் அடித்தது.
ஒன்று,
பாம்பு நாக்குபோலப் பிளந்த இரண்டு இலையோடு
என் சிகரெட் சாம்பல் டின்னில் விழுந்தது.
தூக்கிப் போட்டிருக்கலாம்.
தூக்கக் கலக்கம், எதுவும் செய்யாமல் படுத்தேன்.
சாயங்காலம் எழுந்தால்
சாம்பலுக்கு நடுவே, ஆறு துண்டுகளையும் தள்ளிக்கொண்டு,
நிமிர்ந்து நிற்கிறது,
எனக்கு முன்பே எழுந்து
ட்யூட்டிக்குக் கிளம்பியவன்போல.

யாரிடமும் சொல்லவேண்டாம்:
நானும் பத்து தெத்ரி போட்டேன்.
ஒரு பை மண், கழுவிய ஊறுகாய் வாளி ஒன்று.
அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து
ஸ்டூல்மேல் ஏறி
அவள் சட்டத்தில் ஒரு கயிறு முடிந்தேன்.

அதற்கு ஒரு திசைதான் பிடிக்கும்.
நான் மாற்றிச் சுற்றிவிட்டால்
இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு
தன் பாட்டுக்குச் சுற்றும்.
துணிக்கொடியையும் விடவில்லை, கொடிமேல் கொடி.
ஜூனில் என் கூரையைத் தாண்டிற்று.
ஜூலையில் அதற்கு என் ஞாபகமே இல்லை.
வெயில் மேலே இருந்தது,
என்னிடம் மிஞ்சியது தண்டும்
பழுத்த நாலு இலையும்.
ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட், ஒரு செவ்வாய்.
பஸ்ஸைவிட்டு இறங்கி
சுடு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சும்மாதான் நிமிர்ந்தேன்.
எட்டாம் மாடியில்
நீலம்.
அவளுடைய ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே
பதினாலோ பதினைந்தோ, எண்ணுவதற்குள்
பின்னால் வந்தவர் இடித்துத் திட்டிவிட்டுப் போனார்.
மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும் ஜாதியாம்,
பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
நான் வீடு திரும்பும் வேளைக்குத்தான்
திறந்திருக்கிறது.

சில்லறை இல்லை. ஏழு மாடியும் நடந்தேன்.
கதவைத் திறக்கிறேன், மூச்சு அடங்கவில்லை,
குழாயில் மேலிருந்து தட்டு.
மூன்று.
கரண்டியைத் தேடி எடுத்து
ஒன்று தட்டினேன்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இனி அவள் யோசிக்கட்டும்.

வாளிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
அதன் அடியிலும் ஆணி ஓட்டைதான்.
ஆறாம் மாடியில் எலிகோ
வெள்ளை விரிப்புகளை உதறி உதறிக்
கொடியில் போடும் சத்தம்.