இருபது தெத்ரி

விண்ணப்பத்தின் ஏழாவது கட்டம் கேட்கிறது:
சட்டம் ஏன்?
நாலாயிரம் எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது.
இடைவெளியும் ஓர் எழுத்தாம்.

முதல் தடவை எழுதியபோது
தராசு வந்தது, கண்கட்டிய பெண் வந்தாள்,
"சிறுவயது முதலே" என்றொரு பொய்யும் கூடவே வந்தது.
மூன்றையும் அழித்தேன்.
கட்டம் பழையபடி வெளுத்தது.
திபிலிசியில் பனிகூட
அத்தனை நேரம் வெள்ளையாய் இருக்காது.

நெஸ்தான் நான். கில்தானி வட்டாரம்,
ஒன்பதாவது மாடி.
எங்கள் லிஃப்டுக்குள் ஓர் இரும்புப் பெட்டி.
இருபது தெத்ரி போட்டால் ஏறும்.
போடாவிட்டால் குத்துக்கல்.
இறங்கக் காசு வேண்டாம்;
இறங்குவது எந்த ஊரிலும் இலவசம்தான்.

மருத்துவம் படி என்கிறார் அப்பா.
மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த கையோடு
சாப்பாட்டு மேசையில் எல்லை ஒன்று வரைகிறார்,
ரொட்டித் துணுக்குகளால்.
"வயிற்றுவலி எங்கும் வயிற்றுவலி.
சட்டம் அப்படியா? இந்தக் கோட்டைத் தாண்டினால்
செல்லாக்காசு.
டச்சுக்காரன் சட்டத்தைப் படித்துவந்து
எந்தப் பெட்டியில் போடுவாய்?"
பதில் தெரியவில்லை.
எல்லையை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்றேன்.

அம்மா இத்தாலியிலிருந்து பேசினாள்.
அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்டுவது அவள் வேலை.
ஒருகாலத்தில் நீதிபதியாம்.
தன் பெயர் மறந்துவிட்டது, மகள் முகம் மறந்துவிட்டது;
அம்மா வாளியோடு நுழையும்போது மட்டும்
"உட்காருங்கள், உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்" என்கிறாராம்.
"ஏழு வருடத்தில் இந்த நாட்டில்
என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள்" என்று சிரித்தாள்.
சிரித்து முடித்தபின் சொன்னாள்:
விண்ணப்பக் கட்டணம் அனுப்பிவிட்டேன்.
எந்தப் படிப்புக்கு என்று கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.
அதை எழுதத்தான் கை வரவில்லை.

போன நவம்பர். கீழே, தபால்பெட்டிகள் அருகே
குடியிருப்போர் கூட்டம்.
நோயாளிகளுக்குத் தந்திருந்த இலவசச் சாவியை
ரத்துசெய்ய ஒரு தீர்மானம்.
மொத்தக் கட்டடத்தில் அந்தச் சாவி ஒருத்தியிடம்தான்:
ஐந்தாம் மாடி சியாலா,
வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போய்வருபவள்.
அன்றைக்கு லிஃப்ட் பழுது.
படிக்கட்டின் நடுக்குழி வழியே
ஒரு குரல் மட்டும் இறங்கிவந்தது.
அதற்குக் கை இல்லை.
நாங்கள் கைகளை எண்ணினோம். முப்பத்தொன்று.
அப்பாவுடையதும் அதில் ஒன்று.

கையெழுத்து அழகாய் இருக்கிறதென்று
குறிப்பேட்டை என்னிடம் தந்திருந்தார்கள்.
"ஒருமனதாக" என்று எழுதினேன்.
அழகாகத்தான் எழுதினேன்.
ஒரே சொல்; அதற்குள்
ஓர் ஆளை வைத்துப் பூட்ட முடிந்தது என்னால்.
அப்படிப்பட்ட சொற்களை யார் செய்கிறார்கள்,
எதைக்கொண்டு திறப்பார்கள்
என்று தெரிந்தாக வேண்டும்.

எழுதி நிமிர்ந்தபோது விடிந்துவிட்டது.
நாலு மாடி இறங்கிக் கதவைத் தட்டினேன்.
சியாலா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்,
மருத்துவமனை நாள்.
உங்கள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன்.
நின்றபடியே என் கைப்பேசியில் எல்லாம் படித்தாள்.
"குரல் இறங்கிவந்தது என்று போட்டிருக்கிறாயே,
என்ன அது, கவிதையா?
கத்தினேன் என்று எழுது.
தொண்டை கட்டும்வரை கத்தினேன்."

மாற்றினேன்.
இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால்
இன்னும் பதினோரு எழுத்து மிச்சம்.
அதை நிரப்பவில்லை.

லிஃப்ட் வந்தது. சியாலா உள்ளே போனாள்.
இறங்கத்தானே, பெட்டி ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பி ஏற வேண்டிய இருபது தெத்ரி
அவள் கையுறைக்குள்
ஏற்கெனவே இருந்தது.