பச்சைப் பொய்

தெம்பனிஸில் அறுபத்திரண்டு பேருந்து நிறுத்தங்களை எடுத்துக்கொண்டோம்.
மாலை நான்கு மணி,
வெயில் கூரைக்கடியில் சாய்ந்து நுழையும் நேரம்.
இருக்கைகளின் சூட்டை அளப்பது எங்கள் வேலை.
நான்கு பேர், இரண்டு அளவுமானி,
ஷகிரா கொண்டுவந்த ஒரு குடை.

நான்காவது ஆள் பிரதோஷ்
மூன்றாம் நாளே காய்ச்சல் என்றான்.
அவன் போயிருக்க வேண்டிய ஏழு நிறுத்தங்கள்
வரைபடத்தில் இன்றும் சாம்பல் வட்டங்கள்.
‘தரவு இல்லை’ என்று எழுதியிருக்கிறோம்.
‘பிரதோஷ் இல்லை’ என்று எழுதச் சொன்னாள் ஷகிரா.

நிறம் என் பொறுப்பு.
சுடும் இடம் சிவப்பு,
மழைமர நிழல் விழும் இடம் பச்சை.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று
யோசிக்காமலே வைத்தேன்.

நிரல் எழுதியது கை ஷெங்.
விரல் பட்டால் புள்ளி விரிந்து எண் சொல்ல வேண்டும்,
கீழே பட்டையை இழுத்தால் நாள் நகர வேண்டும்.
எல்லாம் செய்தான்.
இந்தச் சிவப்பு கொஞ்சம் தூக்கலா என்று
கேட்டபோதெல்லாம்
‘சரிதான்’ என்றான்.
மூன்று வாரம்
சரிதான், சரிதான்.

ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது.
கல்லூரி நூலகத்தில், குளிர்சாதனக் காற்று
நேரே பிடரியில் விழும் அந்த மேசையில்
ஷகிரா சொன்னாள்:
‘அந்தச் சிவப்புப் புள்ளி சாலைக்கு நடுவே நிக்குது,
கொஞ்சம் தள்ளி வை.’

சுட்டி போய்
ஒரு பச்சைப் புள்ளியின் மேல் நின்றது.
பக்கத்துப் புள்ளிக்குத் தாவியது.
அதுவும் பச்சை.
அப்புறம் அசையவில்லை.

‘எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்’ என்றான்,
எங்களிடம் இல்லை, திரையிடம்.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது,
பச்சைப் பொய் என்றேன்.
மூன்று வாரமாகத்
தனக்குத் தெரியாத நிறத்தில் பொய் சொல்லியிருக்கிறாய்.
பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தேன்.
அவன்தான் முதலில் சிரித்தான்.
‘பொய்யில எது பச்சை?’ என்று கேட்டான்.
எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு நாகரிகம் இல்லாமல் கேட்டோம்.
சாலையை எப்படிக் கடப்பாய்?
மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் நடப்பேன்.
ரயில்?
தடத்துக்கு எழுத்து இருக்கே, படிக்கத் தெரியுமே.
ஏன் சொல்லவில்லை?
அதற்கு மட்டும்
மேல்சட்டைக் கயிற்றை வாயில் வைத்துக் கடித்தான்.

ஷகிரா ஒரு வடிகட்டி தேடிப் பிடித்தாள்.
அழுத்தினால்
அவன் கண் எங்கள் திரைக்கு வரும்.
அழுத்தினாள்.

ஊர் முழுக்கக் கலங்கல் தண்ணீர் ஏறியதுபோல்
ஒரே மங்கல்.
கொதிக்கும் நிறுத்தமும் நிழல் நிறுத்தமும்
இரட்டைப் பிள்ளைகள்போல் பக்கத்தில் பக்கத்தில்.
நான் நின்று அளந்த வெயில்,
என் கழுத்தில் இன்னும் உரிந்துகொண்டிருந்த வெயில்,
அதில் எங்கேயும் இல்லை.

நாங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பின்னாலிருந்து எட்டிப் பார்த்து
அவன் கேட்டான்:
‘அழுத்தியாச்சா?’

அன்றிரவு நூலகம் மூடினார்கள்.
காப்பிக்கடைக்கு மாறினோம், அதுவும் மூடியது,
யாருடைய புளோக் என்று தெரியாத ஒரு கீழ்த்தளத்தில்
கல் மேசைமேல் மடிக்கணினியை வைத்து
நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு
ஒவ்வொரு படியாக இறங்கினோம்.
சூடு கூடினால் வட்டமும் பெரிதாகட்டும் என்றது அவன்.
இது தெரியுதா, இது தெரியுதா,
இல்லை என்று சொல்ல
அன்றுதான் அவனுக்கு வாய் வந்தது.
பதினோரு முறை இல்லை.
பன்னிரண்டாவது முறை
பேசாமல் சேமித்தான்.

விளக்கக் கூட்டத்தில் விரிவுரையாளர் கேட்டார்:
வெயில் என்றால் சிவப்புதானே, ஏன் இப்படி?

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, விழுங்கினேன்.
கை ஷெங் ஒரு பெரிய வட்டத்தின் மேல்
விரலை வைத்தான்.
நாற்பத்தாறு டிகிரி விரிந்தது.
‘எனக்குத் தெரியணும்ல’ என்றான்.

‘என்ன தெரியணும்?’
என்றான் காய்ச்சல் தெளிந்து வந்த பிரதோஷ்.