மீளளிப்பு

வெல்லம்பிட்டி வாடகை வீட்டைக் காலி செய்த அன்று
கட்டில், பிரிஜ், தையல் மெஷின்
எல்லாம் ஒரு டிமோ பட்டாவில் ஏறி
வெள்ளவத்தைக்கு வந்துவிட்டன.
காப்புறுதி மட்டும் அங்கேயே நின்றது.
ஆளில்லாத இரண்டு அறைகளுக்கு
இன்னும் ஏழு மாதக் காவல்.

முதல் வருடம் கட்டுப்பணம் பதினோராயிரம்.
களனி கங்கை படியேறி வந்து
அரிசி வாளியை முகர்ந்துவிட்டுப் போன பிறகு
பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
"உங்கட பக்கம் இப்ப சிவப்பு, மிஸ்" என்றார் பாஹிம்,
போனிலிருந்த வரைபடத்தை விரலால் பெருப்பித்து.
ஆறு ஏறினது, காசும் ஏறினது.
ஆறு இறங்கினது.

இரத்துக் கடிதம் மூன்று தரம் எழுதினேன்.
முதலாவது தமிழில். வாசிக்கிற பிள்ளை பிரசவ லீவில்.
இரண்டாவதில் கையெழுத்து
பழைய கையெழுத்துப்போல் இல்லையாம்.
(அந்த வெள்ளத்துக்குப் பிறகு
எது பழையபடி இருக்கிறது?)
மூன்றாவதை யூனியன் பிளேஸ் கந்தோரில் நேரே கொடுத்து
பிரதியில் சீல் குத்தும்வரை நின்றேன்.

ஆறு கிழமை.

காசோலை வந்தது, கூடவே ஒரு தாள்.
தாளைத்தான் முதலில் வாசித்தேன்.
ஐந்து மாதம் பாவித்ததற்கு
அறுபது வீதம் அவர்களுக்கு.
பன்னிரண்டில் ஐந்து என்று
பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அங்கே செல்லாது.
நிர்வாகச் செலவு எழுநூற்றைம்பது.
கடைசி வரியில்:
கலவரம், வேலைநிறுத்தம், குழப்பம்,
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
மீளளிக்கப்படமாட்டாது.

வராத வெள்ளத்தைத் திருப்பித் தருகிறார்கள்.
பிடிக்காத தீயை, நடக்காத களவை,
வெட்டிக்கொத்தியாவது தருகிறார்கள்.
வராத கலவரத்தை மட்டும்
தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு நாள் அந்த வரியோடு திரிந்தேன்.
லிப்ட் வேலை செய்யாத ஒரு பின்னேரம்
வாட்ச்சர் கருணாதாச சொன்னார்,
இந்த பிளட் நிற்கிற காணியில்
முன்னம் ஒரு மேல்வீடு இருந்ததாம்,
எண்பத்துமூன்று யூலைவரை.
அதற்குக் காப்புறுதி இருந்ததா?
அது அவருக்குத் தெரியாது.
"கிணறு இருந்தது" என்றார்.

ஆறாயிரத்து இருநூற்றிரண்டு ரூபா
கணக்கில் விழுந்த அதே நாள்
பாஹிம் எடுத்தார்.
"மூன்றாம் மாடிதானே மிஸ், வெள்ளம் தேவையில்லை,
நல்லாக் குறைச்சுத் தரலாம்."
ஒவ்வொன்றாகப் பேரம் பேசினேன்.
கண்ணாடி உடைந்தால் எவ்வளவு,
தண்ணிக் குழாய் வெடித்தால் எவ்வளவு,
ஜன்னல் கம்பியைத் தின்னும் கடல் உப்புக்கு?
அது தேய்மானமாம், கிடையாது.

"கலவரத்தையும் போடட்டா?"

போடுங்கோ, என்றேன்.
கீழே லேனில் மீன்காரன்
பாரை, பாரை என்று கூவிக்கொண்டு போனான்.
போனை வைத்த பிறகுதான்
அதற்கு விலை கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.