இருபத்தைந்து மில்லி

ஒரு நாளைக்கு அறுபது கைகளில் ஊசி ஏற்றுகிறேன்
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்.
ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடிக் குழாய்,
மேசையில் ஒரு சொட்டு விழாது.
"தங்கச்சிக்கு நல்ல கை" என்று
வாழைச்சேனை மீன்காரர் ஒருவர்
பஞ்சை அழுத்தியபடி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கைதான்
நேற்றிரவு புளியந்தீவு வாடகை வீட்டின் குளியலறையில்
கப்பின் காம்பைப் பிடித்து இழுத்தது.

பொளக்.

தரையில், காலில், வாளியின் காதில்,
கதவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு.
கோழி அறுத்த இடம் மாதிரி.
வெளியே நிஸ்மியா தட்டுகிறாள்:
"என்ன புள்ள, உசிரோட இருக்கியா?"
"ஓம் கா, தண்ணி வார்க்கிறன்."
மூன்று வாளி வார்த்தேன்.
தண்ணீர் சிவப்பாகி, மறுகா
சாயம் குறைந்த பிளேன்டீயாகி,
கடைசியில் வெறும் தண்ணீராய்ப் போனது.

இழுத்தது ஒரு கதை. ஒழுகியது இன்னொன்று.
கல்லடிப் பாலத்தின் நடுவில்,
ஸ்கூட்டியில், வாவிக் காற்று முகத்தில் அடிக்க,
அந்தச் சூடான ஈரம்.
பெண்களுக்குத் தெரியும் அந்த ஈரம்
எந்த அளவில் கறையாகும் என்று.
பாலத்தில் எங்கே நிறுத்துவது?
வெள்ளைக் கோட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு
ஒரு பக்கமாய்ச் சரிந்து உட்கார்ந்தே
ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன்.

விற்றவனைத் திட்டினேன். என் உடம்பைத் திட்டினேன்.
சைஸ் பிழை என்றேன், பிறவி பிழை என்றேன்.
கழற்றிப் பார்த்தால்
கப்பில் பாதிகூட இல்லை.
நிரம்பி வழியவில்லை.
பக்கத்தால் போயிருக்கிறது.

அன்று மத்தியானம்
பயிலுநர் டிலோஜினி கையில் குழாயோடு வந்தாள்.
"மிஸ், நரம்புக்குள்ளதான் ஊசி இருந்துது,
ஆனா இது ரத்தம் இழுக்குதில்ல."
"காத்துப் போயிருக்கும். வேற குழாய் போடு" என்று
அண்ணாந்து பார்க்காமலே சொன்னேன்.
சொல்லிவிட்டு நின்றேன்.

இன்னொரு மேசையில் அவளே
றப்பரை அவிழ்க்காமல் ஊசியை எடுத்துவிட்டாள்.
ஐயாவின் சாரத்தில் சிவப்பு.
"எத்தினை தரம் சொல்லுறது?
முதல்ல இறுக்கத்தை விடு. மறுகா எடு."

என் வாயிலிருந்துதான் வந்தது.
பத்து வருசமாய் வந்துகொண்டிருக்கிறது.

இரவு, அதே குளியலறை. லைட் மங்கல்.
மடித்து உள்ளே விட்டபின்
அப்படியே விட்டுவிடவில்லை.
ஒரு விரலால் அடியைச் சுற்றி வந்தேன்.
இடது பக்கம் ஒரு மடிப்பு விரியாமல் கிடந்தது,
அவசரத்தில் கசங்கிய சட்டைக் கொலர் மாதிரி.
மெல்லத் திருப்பினேன். விரிந்தது.
மெதுவாய் இழுத்துப் பார்த்தேன். பிடித்துக்கொண்டது.

விடிய,
குந்தி இருந்து, மூச்சை விட்டு,
குழந்தை பெறுகிறவள்போல் கொஞ்சம் முக்கி,
வழுக்காமலிருக்க விரலைத் துடைத்துக்கொண்டு,
காம்பை விட்டு அதற்கு மேலே அடியைப் பிடித்துக் கிள்ளினேன்.
ஒரு சின்னக் காற்றுச் சத்தம்.
ஒரு பக்க விளிம்பு முதலில், பிறகு மற்றது,
தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் வைப்பதுபோல் நிமிர்த்தி.

பதினெட்டு மில்லி.
கோடு போட்டிருக்கிறது, வாசிக்காமல் விடுவேனா.
தரையில் ஒரேயொரு சொட்டு.
அதை உடனே கழுவாமல் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
ஊரார் ரத்தத்துக்கெல்லாம் பெயரெழுதி ஒட்டுகிறேன்,
இதற்கு ஒரு நாளும் ஒட்டியதில்லை.

அவிக்கவென்று வாங்கிய சின்ன அலுமினியச் சட்டியின் பிடியில்
சிவப்பு நூல் கட்டியிருந்தேன், யாரும் தொடாமலிருக்க.
குசினிக்குப் போனால்
அதில் இரண்டு முட்டை கொதிக்கிறது.
"வடிவா நூலெல்லாம் கட்டி வெச்சிருக்காய்,
என்னத்துக்குகா?" என்கிறாள் நிஸ்மியா.

சொன்னேன்.
அடுப்பை அணைத்தாள்.
முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
பிறகு ஒன்றை உரித்து
உப்புத் தொட்டுக்கொண்டே கேட்டாள்:
"ஒழுகாதா?"