ழ விழவில்லை

மூன்று தரம் கூவினால் ரேம் கழன்றிருக்கிறது.
ஒரே இழுப்பாய்க் கூவினால் வேறு ஏதோ.
இதெல்லாம் எனக்கு இப்போது பாடம்.
இடப்பக்க மூடியைப் பூட்டுவதேயில்லை,
திருகாணிகள் பால்மா டின்னில்.
மகனின் அழிறப்பரால் அதன் பல்லைத் தேய்த்து
சலூன்கார டெரன்ஸிடம் இரவல் வாங்கிய
முடி உலர்த்தியால் உள்ளிருக்கும் பனியை விரட்டி
பொத்தானை அமுக்கிவிட்டு
தேத்தண்ணிக்கு உலை வைப்பேன்.
அநேகமாக
தண்ணீர்தான் முதலில் எழும்பும்.

எழும்பினாலும்
ஒவ்வொரு காலையும் அதற்கு
ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினொன்று.
நிரோஜன் அப்போது பிறந்திருக்கவில்லை.
நாள், மாதம், வருடம் என்று திருத்தி
அவனைத் தினமும் ஒருதரம் பெற்ற பிறகுதான்
நான் வேலை தொடங்குகிறேன்.

காற்றடித்துக் கரண்ட் கண் சிமிட்டினால்
பாதிக் கடிதம் போச்சு.
ஆரோக்கியம்மாவின் சேமலாப நிதி விண்ணப்பத்தை
நாலு தரம் அடித்தேன்.
நாலு தரமும் சளைக்காமல் சொன்னார்:
பேர் பதிந்த வருடம், அப்பன் பேர்,
செக்ரோலில் யாரோ பிழையாக எழுதிவைத்த தன் பேர்.
"மிசினுக்குக் காது மந்தமோ புள்ள?"

பிறகுதான் ழ போனது.
அழுத்தினேன், அழுத்தினேன்
(அழுத்துவதிலும் அதுதான் இருக்கிறது, பாருங்கள்)
விழவில்லை.
மேடையில் அந்த எழுத்தைப் பற்றி
எவ்வளவோ பெருமை பேசுகிறார்கள்.
எனக்கு அது மழைக்கு வேண்டும்,
கொழுந்துக்கு, கீழ்ப்பிரிவுக்கு,
வரும் புதன்கிழமைக்கு,
பிறப்பு அத்தாட்சியில் உள்ள பிழைக்கு,
'கீழே கையொப்பமிடும் நான்' என்பதற்கு.
இடம் விட்டு அடித்து
பிரின்ட் எடுத்து
நீலப் பேனையால் ஒவ்வொன்றாக நிரப்பினேன்.

கந்தோரில் உத்தியோகத்தர்
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாராம்.
"என்னம்மா இது, மலையில எடக்கன்னு நட்ட மாதிரி?
கையால திருத்தினதுக்குச் சத்தியக் கடதாசி கொண்டாங்க."
ஆரோக்கியம்மா
இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வந்து
என் வாசலில் செருப்பைக் கழற்றினார்.
கோபிக்கவில்லை.
அடித்த காசைத் திருப்பிக் கேட்கவுமில்லை.
கேட்டிருக்கலாம்.

அந்த மாதம் சீட்டு எனக்கு விழுந்திருந்தது.
எழுபத்திரண்டாயிரம்.
அது கூரைத் தகரத்துக்கென்று
ஒரு வருடமாகப் பேசிவைத்த காசு.
மூலைத் தகரத்துக்கு மூன்று தரம் தார் பூசிவிட்டார் புவிராஜ்.
இரவில் படுத்தபடி
வாளியில் விழும் சொட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
"தகரமா, மிசினா?" என்றேன்.
அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை போலிருந்தது.
நெடுநேரம் கழித்து
"புது மிசின அந்த மூலைல வைக்காத,
நனஞ்சிரும்" என்றார்.
இந்த வீட்டில்
சம்மதம் இப்படித்தான் வரும்.

ஹட்டனில் ரிஸ்மின் கடை.
பழைய பெட்டியை எடைக்குக் கேட்டார்:
ஆயிரத்து ஐந்நூறு.
கொடுக்கவில்லை. பாசம் ஒன்றுமில்லை.
அதன் வயிற்றில் எத்தனை பேருடைய
அடையாள அட்டை இலக்கங்கள், அப்பன்மார் பேர்கள்.
தட்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று
நின்று வாங்கிப் பையில் போட்டேன்.

"புதுசு இல்ல அக்கா, ஆனா ஆளு கெட்டி" என்று
மடிகணினியைத் திறந்து வைத்தார்.
தேதியை அது என்னிடம் கேட்கவில்லை.
"பாட்டுப் போட்டுப் பாக்கிறீங்களா?
படம்?"
வேண்டாமென்று
ழ அடித்தேன்.
இன்னொரு ழ.
ரிஸ்மின் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.
பிறகு முழுதாக ஒரு சொல்: மழை.

விழுந்தது.
கடைக்கு வெளியேயும் பிடித்துக்கொண்டது அப்போதே,
நல்ல சத்தத்தோடு.
பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றித் தரச் சொல்லிவிட்டு
வீட்டுக்குப் போன் எடுத்தேன்.
"நிரோஜன்,
வாளியை ஊத்திட்டு வை."