அளவுப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று

நீளம் பதினெட்டடி.
உயரம் எட்டேகால்.
கனம் ஒன்பது அங்குலம்.
இதுவரைக்கும் பொய் இல்லை.

குடியாத்தத்தில்
கவுண்டன்ய ஆறு ஏறிவந்து
இடுப்பளவு நின்றுவிட்டுப் போன தெரு.
வீடு பழுதுபார்க்க நகராட்சி மானியம் தந்தது, மூன்று தவணையாக.
கதவெண் பதினாறு, ஜுலைகா பீ: கூரை, தரை.
கதவெண் பதினேழு, பச்சையம்மா: கூரை, கழிவறை.
நடுவில் இந்தச் சுவர்.
வெள்ளம் போட்ட கோட்டுக்கு
இரண்டு பக்கமும் டேப்பு வைத்துப் பார்த்தேன்.
ஒரே உயரம். கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை.

நான் பணி ஆய்வாளர். தற்காலிகம்.
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

சுவர் யாருது என்று கேட்டேன்.
"அவங்களுது" என்றார் ஜுலைகா பீ,
தீப்பெட்டி அட்டையைவிட்டுத் தலை தூக்காமல்.
"அவங்களுதுதான், எய்திக்கோ" என்றார் பச்சையம்மா,
மடியில் பீடி முறத்தோடு.
இந்தப் பக்கம் காலண்டர் ஆணி அடித்தபோதும்
அந்தப் பக்கம் மீட்டர் பலகை மாட்டியபோதும்
இரண்டு பேருமே "எங்க சுவரு" என்றுதான்
தெருவைக் கூட்டியிருக்கிறார்கள்.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
சாக்கடை விஷயம். அதற்குத் தனிப் புத்தகம் வேண்டும்.

விரலால் தட்டினேன், செங்கல் மாவாக வந்தது.
ஓதத்தில் அட்டை வளைந்து
ஏஜெண்டு நாலு கட்டைத் திருப்பிவிட்டானாம்.
அந்தப் பக்கம் பீடி இலையில் பூஞ்சை.

விதி பதினொன்று:
பொதுச்சுவர் எந்தப் பயனாளியின் மதிப்பீட்டிலும் சேராது.
கூரைக்குப் பணம் உண்டு. தரைக்கு உண்டு.
கூரையைத் தாங்கி நிற்பதற்கு இல்லை.
பொறியாளர் அம்மாவிடம் போனேன்.
"ரூல்ல இல்லப்பா" என்றவர்
பேனா மூடியைக் கடித்தபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
திரும்பியதை அனுமதி என்று எடுத்துக்கொண்டது
என் தவறு. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

அன்றிரவு எழுதினேன்:
பதினாறு, கிழக்குச் சுவர், ஒன்பது அங்குலம்.
பதினேழு, மேற்குச் சுவர், ஒன்பது அங்குலம்.
காகிதத்தில் அது பதினெட்டு அங்குலமாகி
வேலூர்க் கோட்டை மதில் மாதிரி நின்றது.
ஒரு சுவரின் பணத்தில் சுவர்.
இன்னொன்றின் பணம் எங்கே என்றால்
மண்ணுக்குள், இரண்டடி கடைக்காலாக.
தோண்டினால் தெரியும்.
மேஸ்திரி எத்திராஜ் சாட்சி.

பழசை இடித்தபின் நான்கு நாள்
சுவரே இல்லை.
பதினாறும் பதினேழும் ஒரே அறை,
நடுவில் நீலப் படுதா.
மூன்றாம் நாள் ராத்திரி
படுதாவை இறக்க மறந்துவிட்டார்கள் என்றான் எத்திராஜ்.
இரண்டு வீட்டுக்கும் ஒரே கொசுவத்தி எரிந்ததாம்.
வேறென்ன நடந்தது என்று தெரியாது.
அளவுப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

கெங்கையம்மன் திருவிழா முடிந்து
தணிக்கை வந்தது.
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
"இரண்டு சுவர் எனில், இடைவெளி எவ்வளவு?"

ஆறு வருடம் என்று எழுதக் கை போனது.
எழுதவில்லை.
"இடைவெளி இல்லை" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
மாதம் ஆயிரத்து முந்நூறு
இப்போது சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
வீட்டில் சொல்லவில்லை.
எங்கள் குளியலறைக் கதவு அடியில் உளுத்துப்போய்
இரண்டு வருடமாகிறது.

போன வியாழக்கிழமை அந்தத் தெருவழியே போனேன்.
பச்சையம்மா புதுச் சுவரில் ஆணி அடித்தாராம்.
அந்தப் பக்கம் காரை விரிந்துவிட்டதாம்.
"எங்க சுவரு, இன்னா இப்போ?"
"எங்களுது! ஆபீசரைக் கேளு!"
வண்டியை நிறுத்தவில்லை.
திருப்பம்வரை கேட்டுக்கொண்டே போனேன்.

இரண்டு குரலும் ஒரே உயரம்.
கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை.