வரிக்கு ஒரு வெள்ளி

முதல் பாகத்தில் அவளுக்கு வசனமே கிடையாது.
நாற்பது நிமிடம் மின்தூக்கி
ஏறும், இறங்கும்.
ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டுமே நிற்கும்
பழைய தோ பாயோ புளோக்.
ஒரே ஒருமுறை ஏழில் நிற்கும்.
கதவு திறக்கும்.
அவ்வளவுதான் படம்.

திரையின் அடியில் ஓடும் தமிழ் என்னுடையது,
வரிக்கு ஒரு வெள்ளி.
அந்த மாதம் அவளால் எனக்குக் கிடைத்தது பூஜ்யம்.
மூன்று வாரம்
படியேறித்தான் வீட்டுக்குப் போனேன்,
பதினோராம் மாடிக்கு.

இரண்டில் 'வா' என்றாள். ஒரு வெள்ளி.
மூன்றில் பெயர் வந்தது,
பிறந்த ஊர், மாமியார், தீ வைத்த புருஷன்.
எழுபத்திரண்டு வெள்ளி.
நான்கில்,
கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் வட்டிக்காரர்களிடமிருந்து
ஒரு குடும்பத்தையே காப்பாற்றினாள்.
கடைசியில் அவர்களோடு உட்கார்ந்து
தட்டில் சோறு கூடப் போட்டுக்கொண்டாள்.
ஐந்தில் பாத்தாமிலிருந்து படகேறி வந்தது
இவளைவிடப் பெரிய பேய்.
கட்டிப் புரண்டபோதும்
வாய் ஓயவில்லை இருவருக்கும்.
அந்தப் பணத்தில்தான்
படுக்கையறைக்குக் குளிர்சாதனம் வாங்கினேன்.
நன்றி கெட்டவள் அல்ல நான்.

ஆறு, நேற்று, யீஷூனில்.
பின்வரிசையில் ரோஸ்லான்.
விளக்குப் பிடிக்க வந்து,
ஆள் வராத இரவில் விக் மாட்டி நின்றவன்.
முதல் பாகத்தில் ஊரே பயந்த முதுகு
அவனுடையது.
திரையில் அவள் எல்லோரையும் மன்னித்துக்கொண்டிருந்தாள்,
நூற்றுப் பத்து வரிகளில்,
என் எழுத்துப்பிழை ஒன்றோடு.
கைதட்டலுக்கு நடுவே குனிந்து கேட்டான்:
"லிஃப்ட்டுக்கு என்ன ஆச்சு?"
"மேம்படுத்திட்டாங்க.
இப்ப எல்லா மாடியிலும் நிக்குது."
அவன் சிரிக்கவில்லை.

புளோக்கின் கீழே ஏழாம் மாதம்.
தகரப் பீப்பாயில் தாள் எரிந்த வாசம்.
கெத்தாய் மேடைக்கு முன்
முதல் வரிசைச் சிவப்பு நாற்காலிகள் காலி,
வந்து உட்கார வேண்டியவர்களுக்கு.
கூட்டம் அதற்குப் பின்னால்.
பாடகி அந்த வரிசையைப் பார்த்துத்தான் பாடினாள்.
யாரும் அவர்களிடம்
பிறந்த ஊர் கேட்கவில்லை.

பொத்தானை அழுத்திவிட்டு நின்றேன்.
பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு.
ஏழில் கொஞ்சம் தாமதித்து
இறங்கி வந்தது.
கதவு திறந்தது.
உள்ளே வெளிச்சம், கண்ணாடி,
நகர மன்ற அறிவிப்பு.
வரி ஏதும் இல்லை எழுத.

படிப்பக்கம் திரும்பினேன்.
மூட்டுவலியோடு
பதினொரு மாடி.